சர்டிஃபைடு கார் வாங்கினோம்: வாரன்டியிலும் கட்டணத்திலும் நாங்கள் பட்ட பாடு

கோவையிலிருந்து:

2023 ஆகஸ்டில் இங்கே ஒரு யூஸ்டு கார் ஷோரூமில் 2018 மாடல் பெட்ரோல் வண்டி வாங்கினேன். ஏஎம்டி, அதாவது கிளட்ச் மிதிக்காமல் ஓட்டுவது. மனைவிக்கு முழங்கால் வலி, அதனால்தான் ஏஎம்டி தேடினேன். விலை 4,85,000. தெரிந்த புரோக்கர் ஒருவர் இதே மாடலை நாற்பதாயிரம் குறைத்துத் தருவதாகச் சொன்னார். அதை விட்டுவிட்டு ஷோரூமுக்குப் போனதற்கு ஒரே காரணம், முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த 'சர்டிஃபைடு, 1 வருட வாரன்டி' ஸ்டிக்கர். அந்த நாற்பதாயிரம் நிம்மதிக்குக் கொடுக்கும் விலை என்று நினைத்தேன்.

டோக்கன் (முன்பணம்) 20,000 கட்டும்வரை வண்டி விலையைத் தவிர வேறு எந்தத் தொகையைப் பற்றியும் பேச்சே இல்லை. டெலிவரி அன்று ஒரு தாளை நீட்டினார்கள். ஆர்சி டிரான்ஸ்ஃபர் 9,500, ப்ராசஸிங் 5,900, கேர் பேக்கேஜ் 3,500. மொத்தம் 18,900. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "எல்லாருக்கும் இதுதான் சார், வேண்டாம்னா டோக்கன் ரிட்டர்ன் வராது" என்றார் சேல்ஸ் பையன். குடும்பத்தோடு, பூ, தேங்காய் சகிதம் போயிருந்தேன். அந்த இடத்தில் நின்று சண்டை போட மனம் வரவில்லை. கட்டிவிட்டேன்.

பிறகுதான் விசாரித்தேன். காருக்குப் பெயர் மாற்ற மத்திய மோட்டார் வாகன விதிப்படி கட்டணம் 300 ரூபாய். நான் கடனில் வாங்கியதால் ஆர்சியில் வங்கியின் பெயரைக் குறிக்க இன்னொரு 1,500. அட்டைக்கும் சேவைக்கும் இன்னும் கொஞ்சம். அலைகிற ஆளுக்குக் கூலி கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் 9,500 முழுவதையும் 'ஆர்டிஓ ஃபீஸ்' என்று வாயால் சொன்னார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

மூன்றாவது மாதம் அம்மாவை குன்னூருக்கு அழைத்துப் போனோம். பர்லியார் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி நியூட்ரலுக்குப் போய் நின்றுவிட்டது. கியர் விழவே இல்லை. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது, அம்மா கந்தர் சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, டயருக்குக் கல் வைத்து, கீழே இறங்கி நின்றோம். டோ வண்டி வர இரண்டரை மணி நேரம் ஆனது.

ஒர்க்‌ஷாப்பில் ஏஎம்டி ஆக்சுவேட்டர் போய்விட்டது என்றார்கள். எஸ்டிமேட் 38,400. கியர்பாக்ஸுக்கு வாரன்டி இருக்கிறதே என்றேன். "கியர்பாக்ஸ்னா உள்ளே இருக்கிற பல்சக்கரம், ஷாஃப்ட் மட்டும்தான் சார். ஆக்சுவேட்டர் எலக்ட்ரிகல் ஐட்டம்ல வரும்" என்றார் மேனேஜர். வாரன்டி புத்தகத்தின் ஆறாம் பக்கத்தைக் காட்டினார். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. கிளட்ச், ஆக்சுவேட்டர், சென்சார், ஏசி, சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எதற்கும் வாரன்டி இல்லை. அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது டெலிவரி எடுத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, கூரியரில். பணம் கட்டும் முன் அதை யாரும் என் கண்ணில் காட்டவில்லை. ஏஎம்டி வண்டியில் கிளட்சை அழுத்துவதும் கியரை மாற்றுவதும் அந்த ஆக்சுவேட்டர்தான். அதை விட்டுவிட்டு கியர்பாக்ஸுக்கு வாரன்டி என்றால் என்ன அர்த்தம்?

திருச்சியிலிருந்து:

நான் ஆறு வருடம் பழைய கார் விற்கும் ஒரு யார்டில் வண்டி செக் பண்ணும் வேலையில் இருந்தேன். இப்போது அந்தத் தொழிலில் இல்லை, அதனால் மனம் விட்டுச் சொல்கிறேன். சர்டிஃபைடு வண்டிக்குச் செய்ததாகச் சொல்லும் '140 பாயின்ட் செக்' என்பது பொய்யில்லை, செய்வோம். ஆனால் அந்த 140-ல் வைப்பர், ஃப்ளோர் மேட், சீட் பெல்ட், ரூம் லைட், ஜாக்கி இருக்கிறதா என்பதெல்லாம் அடக்கம். என்ஜினையும் கியர்பாக்ஸையும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அது முடியவும் முடியாது. ஆயில் லீக், புகை, சத்தம், ஸ்கேனரில் எரர் கோடு, ஒரு நாலு கிலோமீட்டர் ஓட்டம், அவ்வளவுதான். எரர் கோடை அழித்துவிட்டால் அது உடனே திரும்ப வராது. கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் பழையபடி காட்டும். அதனால் டெஸ்ட் டிரைவ் கேட்கும்போது பத்துப் பதினைந்து கிலோமீட்டராவது கேளுங்கள். ஏஎம்டி என்றால் ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள்.

பதிவு எண்ணை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். எந்த வருடம் எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸுக்கு வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். மீட்டர் குறைத்த வண்டிகளை நான் இப்படித்தான் கண்டுபிடிப்பேன். கண்டுபிடித்துச் சொன்னதற்கு ஒருமுறை முதலாளியிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

கோவை அண்ணனுக்கு ஒரு வார்த்தை. ஆக்சுவேட்டரை இல்லை என்று சொல்வது யார்டுகளில் வழக்கமாக நடப்பதுதான். விடாதீர்கள். சேல்ஸ் பையன் வாட்ஸ்அப்பில் என்ன எழுதினான் என்று தேடிப் பாருங்கள்.

மதுரையிலிருந்து, ஒரு பள்ளி ஆசிரியை:

எனக்கு வாரன்டியில் பிரச்சினை இல்லை, இன்சூரன்ஸில்தான். டீலர் 'இன்சூரன்ஸ் டிரான்ஸ்ஃபர்' என்று 3,000 வாங்கினார். "ஆர்சி மாறினா அதுவும் தானா மாறிடும் மேடம், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார். நம்பினேன். இரண்டு மாதம் கழித்து மாட்டுத்தாவணி அருகே மழையில் வண்டி வழுக்கி டிவைடரில் மோதியது. யாருக்கும் அடியில்லை, அதுவே பெரிது. முன்பக்கம் முழுவதும் போய் 64,000 செலவு. கிளைம் போட்டால் பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே இருக்கிறது. நிராகரித்துவிட்டார்கள்.

சட்டத்தை அன்றுதான் படித்தேன். ஓனர் மாறினால், அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பகுதி மட்டும் வாங்கியவருக்குத் தானாக வந்துவிடும். நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி அப்படி வராது. 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நாம்தான் கேட்க வேண்டும். பழைய ஓனர் கிளைம் போடாமல் சேர்த்து வைத்த பிரீமியம் தள்ளுபடி, அதாவது நோ கிளைம் போனஸ், அவருடையது, நமக்கு வராது. அந்த வித்தியாசத்தைக் கட்டினால்தான் பாலிசி நம் பெயருக்கு மாறும். இதில் ஒரு வரிகூட டீலர் எனக்குச் சொல்லவில்லை. கேட்கப் போனபோது 3,000-ஐ மட்டும் மேசைமேல் வைத்தார். எடுத்துக்கொள்ளவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கோர்ட் கட்டணம் கிடையாது. எனக்கு இரண்டு வாய்தா ஆகியிருக்கிறது.

சேலத்திலிருந்து:

சுருக்கமாகச் சொல்கிறேன். போன வருடம் 5,20,000-க்குப் பேசி முடித்த வண்டிக்கு 'இப்ப ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆயிடுச்சு' என்று தனியாக 93,600 கேட்டார்கள். 2025 ஜனவரியிலிருந்து பழைய கார்களுக்கு 18 ஆனது உண்மைதான். ஆனால் அந்த வரி டீலரின் லாபத்துக்கு மட்டும், வண்டியின் முழு விலைக்கு இல்லை. என் தம்பி ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறான், அவனைப் போனில் பேச வைத்தேன். ஐந்து நிமிடத்தில் "சரி சார், பேசின விலையே ஃபைனல்" என்றார்கள். தம்பி இல்லையென்றால் கட்டியிருப்பேன்.

தாம்பரத்திலிருந்து:

நான் வாங்கவில்லை, விற்றவன். 2022-ல் டீலரிடம் வண்டியைக் கொடுத்து, பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் தேதி போடாமல் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து என் போனுக்கு வரிசையாக இ-சலான் வந்தது, எல்லாம் சென்னை ஓஎம்ஆர் சாலையில் வேகமாகப் போனதற்கு. வண்டி யாரிடம் இருக்கிறது என்று டீலருக்கே தெரியவில்லை. எனக்குத் தூக்கம் போனது அபராதத்தால் இல்லை. விபத்து நடந்தால் ஆர்சியில் பெயர் இருப்பவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. யாரையாவது இடித்திருந்தால் என் வீடு போயிருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் டீலர்களுக்கு ஆர்டிஓ அங்கீகாரம் வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அப்படி அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போதே அதைத் தெரிவிக்கும் ஃபார்ம் 29சி-யை ஆன்லைனில் போட்டுவிட்டால் அதன்பின் பொறுப்பு டீலருடையது. விற்பவர்கள் அந்த ரசீது கையில் வராமல் சாவியைக் கொடுக்காதீர்கள். நான் அந்த வண்டியைத் தேடிப் பெயர் மாற்ற வைக்க நான்கு மாதம் அலைந்தேன்.

கோவையிலிருந்து, மீண்டும்:

கடைசியில் என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டிருந்தீர்கள். திருச்சி தம்பி சொன்னபடி வாட்ஸ்அப்பைப் பின்னோக்கித் தேடினேன். டோக்கன் கட்டுவதற்கு முந்தைய நாள் இரவு 9.40-க்கு அந்தப் பையன் அனுப்பியது அப்படியே இருந்தது: "என்ஜின் கியர்பாக்ஸ் ஃபுல் கவர் சார், ஒரு வருஷம் நீங்க கவலையே பட வேண்டாம்." அதைப் பிரின்ட் எடுத்தேன். கூரியர் உறையில் தேதி முத்திரை இருந்தது, அதையும் நகல் எடுத்தேன். 18,900-க்கு ரசீது கேட்டு மூன்று முறை அனுப்பிய செய்திகளையும் சேர்த்தேன். ரசீது தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். எல்லாவற்றையும் வைத்துப் பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன், 15 நாள் கெடு. அதே நாளில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்தேன்.

பதினோராம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். பாகத்தின் விலையை அவர்கள் ஏற்பதாகவும், லேபர் 6,200-ஐ நான் கட்ட வேண்டும் என்றும் பேசி முடித்தோம். கேர் பேக்கேஜ் 3,500 திரும்ப வந்தது. ப்ராசஸிங் பணம் வரவில்லை, இனி வரும் என்று தோன்றவும் இல்லை. ஆணையம் வரை போயிருக்கலாமே என்று மனைவி கேட்டாள். வண்டி அப்போது ஏழு வாரமாக ஒர்க்‌ஷாப்பில் நின்றது, அம்மாவை டயாலிசிஸுக்கு ஆட்டோவில் அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். அதனால்தான் ஒப்புக்கொண்டேன். மதுரை டீச்சர், அடுத்த வாய்தா முடிந்ததும் என்ன ஆனது என்று எழுதுங்கள்.