லஸ் முனையில் என்னைச் சாலை கடத்திவிட்டவர்

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சென்னை மயிலாப்பூரில் லஸ் முனையில் 29 சி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. இன்னொரு கை என் வெள்ளைக்கோலை நடுவில் பிடித்துத் தூக்கியது. "பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன், வாங்க வாங்க" என்றது ஓர் ஆண் குரல்.

"சார், நான் பஸ்ஸுக்கு நிக்கிறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் கால் நடைபாதையிலிருந்து சாலையில் இறங்கிவிட்டது. பக்கத்திலேயே ஓர் ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது. ஒரு பைக்கின் சூடு முழங்காலை உரசிக்கொண்டு போனது. நடுரோட்டில் நின்று வாதாட முடியுமா? கூடவே ஓடினேன். எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, "பாத்துப் போங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கெட்ட மனிதர் இல்லை. குரலில் அவ்வளவு கனிவு. அதனால்தான் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்றே தெரியவில்லை.

கோலைப் பிடிப்பதில் என்ன தப்பு என்று பலருக்கும் புரிவதில்லை. வலது கால் முன்னால் போகும்போது கோலின் நுனி இடப்பக்கம் தட்டும், இடது கால் போகும்போது வலப்பக்கம். அடுத்த அடி வைக்கப்போகும் இடத்தை அது முன்கூட்டியே தொட்டுச் சொல்லிவிடும். பள்ளமா, படியா, நடைபாதையில் ஏற்றி நிறுத்திய பைக்கா, எல்லாம் அந்த நுனி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைத் தூக்கிப் பிடித்தால் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரிதான். அன்றைக்கு அதுவரை முன்னால் ஓடிக்கொண்டிருந்த வண்டிச் சத்தம் சட்டென்று முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. பூக்கடை வாசனையும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன் என்றே புரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில், ஒருவருடைய உதவிக் கருவியைப் பயன்படுத்தவிடாமல் வேண்டுமென்றே குறுக்கிடுவதும் குற்றமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்துவதும் அதே பிரிவில்தான் வருகிறது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. உதவ வந்தவரை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. கோலும் சக்கர நாற்காலியும் எங்கள் உடம்பைச் சேர்ந்தவை என்பது சட்டத்துக்கே புரிந்திருக்கிறது. பக்கத்தில் நிற்பவருக்கும் புரிந்தால் போதும்.

சக்கர நாற்காலியில் போகும் என் தோழி ஒருத்திக்கு மெரினாவில் நடந்ததும் இதே மாதிரிதான். 2022 நவம்பரில் அங்கே கடல் பக்கம் போக மரப்பாதை திறந்தபோது அவள் எவ்வளவு ஆசையாகக் கிளம்பினாள்! தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அலையைப் பார்க்கப் போக வேண்டும், அவ்வளவுதான். பாதி வழியில் பின்னாலிருந்து யாரோ கேட்காமலேயே தள்ள, அவள் விரல் சக்கரக் கம்பிக்குள் சிக்கி நகம் பெயர்ந்துவிட்டது. "வேணாம், விடுங்க" என்று கத்தினாளாம். அதற்கு வந்த பதில், "நல்லதுக்கே காலமில்ல." இந்த ஒரு வாக்கியத்தை நாங்கள் எல்லோருமே கேட்டிருக்கிறோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அடுத்த நொடியே எங்களுக்குத் திமிர் வந்துவிடுகிறது.

அப்புறம் அந்த உச்சுக்கொட்டல். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டிலிருந்து "உச்" என்று ஒரு சத்தம் வரும். பின்னாலேயே, "வீட்ல யாரும் இல்லையா, இப்படித் தனியா விட்டுட்டாங்களே!" நான் ஒரு வங்கியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன், என் சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது. கண்டக்டர்களும் "கூட யாரும் வரலையா?" என்பார்கள். 2021லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் எங்களோடு துணைக்கு ஒருவர் இலவசமாக வரலாம். அது சலுகை. துணையோடுதான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே.

ஓட்டலுக்குத் தம்பியோடு போனால், சர்வர் அவனிடம்தான் கேட்பார்: "அவங்களுக்கு என்ன வேணும்?" கபாலி கோயில் வாசலில் ஒருமுறை அம்மா செருப்பு வாங்கிவரப் போயிருந்தபோது, யாரோ என் உள்ளங்கையை விரித்து ஒரு பத்து ரூபாய்க் காசை வைத்து மூடிவிட்டுப் போனார்கள். காலடிச் சத்தம் கூட்டத்தில் கலந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை. வீடு வரும் வரை அந்தக் காசைக் கையிலேயே வைத்திருந்தேன். அன்றைக்கு நான் கட்டியிருந்தது என் முதல் சம்பளத்தில் வாங்கிய பட்டுப்புடவை.

சரி, லஸ் முனைக்கு வருகிறேன். எதிர்ப்பக்கம் திகைத்து நின்றபோது, சாலைக்கு அந்தப் பக்கமிருந்து, வெள்ளிக்கிழமைதோறும் நான் ஒரு முழம் மல்லி வாங்கும் பூக்கார அம்மாவின் குரல்: "கண்ணு, உன் வண்டி போயிடுச்சே! அங்க எதுக்கு போன?" நடந்ததைக் கத்திச் சொன்னேன். "நான் வரட்டுமா, நீயே வந்துடுவியா?"

வரச் சொன்னேன். கூடையை யாரிடமோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்து, என் புறங்கையைத் தன் முழங்கையால் லேசாகத் தொட்டார். நான் பிடித்துக்கொண்டேன். அரை அடி முன்னால் அவர் நடக்க, அவர் உடம்பு இறங்கும்போதே எனக்குப் படி தெரிந்தது. யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. பழைய இடத்துக்கு வந்ததும், "நிழற்குடை கம்பி உன் வலது கைப்பக்கம்" என்று சொல்லிவிட்டுத் தொடுத்துக்கொண்டிருந்த சரத்துக்குத் திரும்பிவிட்டார்.

இருபது நிமிடம் கழித்து அடுத்த பஸ். அவர் எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "29 சி கண்ணு, முன் படி உனக்கு நேரா மூணு எட்டு." கோலைத் தட்டிக்கொண்டு மூன்று எட்டு வைத்தேன். படி அங்கேதான் இருந்தது.