ரீவி, ஸ்பீக்கர், ஹெட்போன்: வாங்கிப் பட்ட கதைகளைச் சொல்லுங்க

கல்லடியிலிருந்து

தைப்பொங்கலுக்கு முந்தின கிழமை மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில் 28,500 ரூபாய் கொடுத்து ஸ்பீக்கர் பெட்டி ஒன்று வாங்கினேன். இடுப்புயரம். இரண்டு பெரிய ஸ்பீக்கர், அவற்றைச் சுற்றி நிறம் மாறி மாறி ஓடும் லைட், பாடுவதற்கு மைக், இழுத்துக்கொண்டு போகச் சில்லு. நெற்றியில் வெள்ளி எழுத்தில் ‘5000 வாட்ஸ்’.

வாங்கியது அப்பாவுக்காக. 76 வயது. ரீவிச் செய்தி விளங்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டிக் கூட்டி அறுபதுக்குக் கொண்டுபோய்விடுவார். அடுத்த வீட்டு மாமி அவவின் வீட்டிலிருந்தே எங்கள் செய்தியைக் கேட்டுவிட்டு, காலையில் வேலிக்கு மேலால் எனக்கு விளக்கம் சொல்லுவா. பெரிய பெட்டி வைத்தால் குறைந்த சத்தத்திலேயே விளங்கும் என்று நினைத்தேன். கடைப் பொடியன் ஒரு பறைப் பாட்டைப் போட்டான். கண்ணாடி அலுமாரி அதிர்ந்தது, நெஞ்சுக்குள் இடித்தது. வேறென்ன வேண்டும், பில்லைப் போடு என்றேன்.

வீட்டில் செய்தியைப் போட்டதும் அப்பா தலையைச் சரித்துக் கொஞ்ச நேரம் கேட்டார். “இரைச்சல் கூடியிருக்கு மகன். பேச்சு கூடல்ல” என்றார்.

மறுகா அலுமாரிக்குள் கிடந்த அவருடைய சின்ன ரேடியோவை எடுத்தேன். இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை கேட்பதற்கென்றே வைத்திருந்தது. 2017 ஏப்ரல் கடைசியில் சிற்றலையில் தமிழோசை நின்றதும் அதுவும் ஓய்வுக்குப் போனது. பற்றரி போட்டு எஃப்எம் செய்தியைத் திருப்பினேன். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர்தான். ஒரு சொல் தப்பாமல் கேட்டார். முடிந்ததும் எந்த ஊரில் எவ்வளவு மழை என்று எனக்கே ஒப்புவித்தார்.

பிறகுதான் தேடிப் படித்தேன். வயது போகும்போது காது முதலில் விடுவது உயர்ந்த சுருதிகளை. க, ச, த, ப எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து கேட்பதற்கு வேண்டிய கூர்மை 2,000 – 4,000 ஹேர்ட்ஸ் பக்கம் நிறைய இருக்கிறது. என் பெட்டி தள்ளித் தள்ளிக் கொடுத்ததோ தாழ்ந்த இடிச் சத்தத்தை. ‘கட்டணம்’ என்று செய்தியில் வாசிக்க அவருக்குப் ‘பட்டினம்’ என்று விழுகிறது.

அந்த 5,000 வாட் கதையையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் அடப்டரைத் திருப்பிப் பார்த்தேன்: 15 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 30 வாட். முப்பது உள்ளே போய் ஐயாயிரம் எப்படி வெளியே வரும்? அட்டைப் பெட்டியில் 5,000க்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ‘பிஎம்பிஓ’ என்று இருக்கிறது. கண் சிமிட்டுகிற நேரத்து உச்சம் என்று போடுகிற எண். அது கடைக்காரருக்கான கணக்கு. நாங்கள் கேட்க வேண்டியது ‘ஆர்எம்எஸ்’, அதாவது நின்று நிலைத்துக் கொடுக்கும் வாட். அந்த எண் பெட்டியில் எங்கேயுமே இல்லை.

அப்பாவுக்கு இனி என்ன வாங்குவது? உங்கள் கதைகளையும் சொல்லுங்கள். நான் மட்டும் ஏமாந்தவன் என்று இருக்க ஒருமாதிரி இருக்கிறது.

கல்முனையிலிருந்து

தம்பி, 22 வருடமாக ரீவி, ரேடியோ திருத்துகிறேன். உங்கள் கணக்கு பாதிதான் சரி. அடப்டரைப் பெருக்கிப் பார்க்கிற வித்தை, பற்றரி இல்லாத பெட்டிக்குத்தான். பற்றரி உள்ள பெட்டியில் அடப்டரின் முக்கிய வேலை சார்ஜ் ஏற்றுவது. பாட்டில் பறை இடிக்கிற நேரம் பற்றரிதான் கொடுக்கும். ஆகவே பற்றரி எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 7.4 வோல்ட் பற்றரி, 4 ஓம் ஸ்பீக்கர் என்றால், வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் சுற்று உள்ளே இல்லாவிட்டால் ஒரு பக்கத்துக்கு 7 வாட்டைத் தாண்டாது. 12 வோல்ட் என்றால் 18. குறைவென்று கவலைப்பட வேண்டாம், ஒரு அறைக்கு 18 தாராளம். வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் சத்தம் கூடுவது 3 டெசிபெல்தான். காது அதைக் ‘கொஞ்சம் கூடியிருக்கு’ என்றுதான் எடுக்கும்.

வாப்பாவின் முறைப்பாடு நியாயம். முந்தின தடித்த ரீவியில் ஸ்பீக்கர் பெரும்பாலும் முகத்துக்கு நேரே இருந்தது. இப்போதைய மெல்லிய ரீவிகளில் அது கீழே பார்த்தோ பின்னே பார்த்தோ இருக்கிறது, பேச்சு சுவரில் பட்டுத் திரும்பித்தான் வருகிறது. முதலில் ரீவியின் சத்த செட்டிங்கில் குரலைத் தெளிவாக்கும் முறை இருக்கிறதா பாருங்கள், காசு செலவில்லை. போதாவிட்டால் சின்ன சவுண்ட்பார் ஒன்று (ரீவிக்குக் கீழே வைக்கிற நீள ஸ்பீக்கர்), பேச்சுக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ளதாக. எச்டிஎம்ஐ வயரை ‘ஏஆர்சி’ என்று எழுதிய ஓட்டையில்தான் சொருக வேண்டும், ரீவியின் சத்தம் அதனால்தான் வெளியே வரும். மூன்று ஓட்டையில் ஒன்றில்தான் அது இருக்கும். பக்கத்து ஓட்டையில் சொருகிவிட்டு “சத்தம் வரல்ல காக்கா” என்று ரீவியையே தூக்கிக்கொண்டு வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். புளூடூத்தில் கொடுத்தால் வயர் தொல்லை இல்லை, ஆனால் பல ரீவிகளில் உதடு முந்தும், சத்தம் பிந்தும்.

கல்லடி என்கிறீர்கள், அதனால் இன்னொன்று. கடற்கரை வீட்டு ரீவியைத் திறந்தாலே எனக்குத் தெரியும். வயர் பொருத்துகிற இடமெல்லாம் பச்சை பூத்திருக்கும், உப்புக் காற்றின் வேலை. கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே மாட்டாதீர்கள். கார்த்திகை மார்கழி மழைக்கு, பார்க்காவிட்டாலும் தினம் கொஞ்ச நேரம் போட்டுவிடுங்கள், உள்ளே ஈரம் நிற்காது. திரைக்குப் பின்னால் எரிகிற பின்வெளிச்சத்தை நூறில் வைக்காமல் அறுபதுக்கு இறக்குங்கள். என்னிடம் வருகிற ரீவிகளில் ‘சத்தம் இருக்கு, படம் இல்லை’ என்பவைதான் அதிகம், திறந்தால் அநேகமாகப் பின்வெளிச்ச எல்ஈடி எரிந்திருக்கும்.

போன வருடம் மருதமுனையிலிருந்து 43 அங்குல ரீவி ஒன்று வந்தது. வாங்கி எட்டு மாதம். திறந்தால் பவர் போர்டில் இரண்டு பின்னுக்கு நடுவில் பல்லி ஒன்று கருகி ஒட்டியிருக்கிறது, கீழே இரண்டு முட்டை, பழுதில்லாமல். வாரண்டி கார்ட்டை அச்சரம் அச்சரமாக வாசித்தோம். பல்லிக்கு அதில் இடமில்லை.

காத்தான்குடியிலிருந்து

எனக்கு நடந்தது பவர்பேங்கில். கட்டார் போகிறதுக்கு முதல் நாள் ‘50,000 எம்ஏஎச்’ என்று போட்ட ஒன்றை 4,500க்கு வாங்கினேன். கையில் எடுத்தால் சவர்க்காரக் கட்டி மாதிரி லேசு. அப்பவே யோசித்திருக்க வேணும்.

விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி அதைத் திருப்பி எண்ணைப் பார்த்தார், போனில் பெருக்கினார். 50,000ஐ 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால் 185 வாட்-அவர் (வாட்-மணி). 100 வரைக்கும் கைப்பையில் கொண்டுபோகலாம், அதற்கு மேலே விமானக் கம்பனியிடம் கேட்க வேணும், 160ஐத் தாண்டினால் ஏற்றவே மாட்டார்கள். எடுத்துத் தொட்டிக்குள் போட்டுவிட்டார். உள்ளே உண்மையில் பத்தாயிரம் கூட இருந்திருக்காது, போனுக்கு ஒன்றரைத் தரம்தான் ஏறியது. பொய் எழுதினது எவனோ, சல்லி போனது எனக்கு. “சேர், இது பொய் நம்பர்” என்று நானே சொன்னேன். சிரித்தார், தரவில்லை.

இப்ப வைத்திருப்பது 20,000. 74 வாட்-அவர் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. கைப்பையில்தான் வைக்க வேணும், பெட்டிக்குள் வைத்து அனுப்பக் கூடாது.

செங்கலடியிலிருந்து

நான் மாதம் இரண்டு தரம் கொழும்புக்கு ரயிலில் போய் வருகிற ஆள். முழுப் பகலும் தண்டவாளத்தில்தான். முதலில் 2,000 ரூபாய் இயர்போன். டீசல் எஞ்சின் உறுமலை மிஞ்ச வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டுவேன், மாகோ வரும்போது தலை இடிக்கும். வருட முடிவில் போனஸ் காசில் இரைச்சலைத் தணிக்கிற ஹெட்போன் வாங்கினேன். வெளிச் சத்தத்தை மைக்கால் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உள்ளே விட்டு அடிக்கிற வகை.

பொத்தானை அழுத்தினதும் ரயில் மெத்தையில் ஓடுகிற மாதிரி ஆயிற்று. ஆனால் வெலிக்கந்தை தாண்டியதும் ஒரு புதினம். “வடே, வடே, இஸ்ஸோ வடே” என்று வருகிறவரின் குரல் முன்னையைவிடத் தெளிவாகக் கேட்கிறது! பழுதாக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஒரே சீராக வருகிற தாழ்ந்த உறுமலைத்தான் அது நன்றாக அடிக்கும். மனிதக் குரல், குழந்தையின் அழுகை, சக்கரம் கிறீச்சிடுவது எல்லாம் பெரும்பாலும் தப்பி வந்துவிடும். உறுமல் போனபடியால் வடைக்காரர் மட்டும் மேடையில் நிற்கிறார்.

குறை என்று சொல்லவில்லை, இப்போது சத்தத்தைப் பாதியில் வைத்தே கேட்கிறேன். ஆனால் பஸ்ஸில் ரைவர் போடுகிற பாட்டிலிருந்து தப்பலாம் என்று யாரும் இதை வாங்க வேண்டாம். அதற்குக் காதுக்குள் இறுக்கமாகப் பொருந்துகிற ரப்பர் முனைதான் மருந்து. பெட்டிக்குள் மூன்று அளவு ரப்பர் தருவார்கள், மற்ற இரண்டையும் போட்டுப் பார்க்காமல் மேசை லாச்சிக்குள் எறிவதுதான் எங்கள் பழக்கம்.

அக்கரைப்பற்றிலிருந்து

‘ஜப்பானில் ஓடின சாமான் திறம்’ என்று சொல்லித்தான் விற்பார்கள், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அது அவர்களுக்குச் செய்தது. பழைய அம்ப்ளிபயர் ஒன்று வாங்கினேன், விற்றவர் பிளக்கை வெட்டி நம்முடைய 13 ஆம்பியர் பிளக்கைப் பூட்டிக் கொடுத்தார். வீட்டில் சொருகி ஐந்து நிமிடத்தில் புகை. பின்பக்கத் தகட்டில் ‘100 வோல்ட்’ என்று தெளிவாக இருக்கிறது, வாசிக்காதது நான். இங்கே வருவது 230. இறக்கிக் கொடுக்கிற டிரான்ஸ்போமர் வைத்திருந்தால் இன்றைக்கும் பாடியிருக்கும். புதிய ரீவி, சார்ஜர்களில் அநேகமாக ‘100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ்’ என்று இருக்கும், அது எந்த நாட்டுக்கும் போகும்.

ஜப்பானில் ஓடி இங்கே வந்த ரீகண்டிஷன் வேன் ரேடியோவும் இதே கதை. அங்கே எஃப்எம் 76இல் தொடங்குகிறது. பழைய செட் 90உடன் நின்றுவிடும். நம்முடைய நிலையங்கள் 108 வரை. ‘ரேடியோ பழுது’ என்று கழற்றி எறியப் பார்த்தேன். அலைவரிசையை இறக்கிக் கொடுக்கிற சின்னப் பெட்டியொன்றை ஏரியல் வயரில் பூட்டினதும் எல்லாம் வந்தது. என்ன, திரையில் காட்டுகிற எண்ணும் நிலையத்தின் எண்ணும் ஒன்றாக இருக்காது.

வந்தாறுமூலையிலிருந்து

இது வாங்கின கதை இல்லை. பூரணை இரவு மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் தோணி பிடித்து, மீன் பாடுவதைப் போனில் பதியப் போனோம். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் கேட்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் போனைத் துடுப்பில் சாய்த்துப் பதிந்தேன். வந்தது காற்றும், தோணிக்கார மாமா இருமியதும். போன் மைக் காற்றில் வருகிற சத்தத்துக்குச் செய்தது, மரத்துக்குள்ளால் வருகிற அதிர்வுக்கு இல்லை. போதாததற்கு, மெல்லிசாக ஒரே சீராக வருகிற சத்தத்தை ‘இரைச்சல்’ என்று போன் தானே வழித்துவிடும்.

அடுத்த தரம், பாட்டுப் பாடுகிற பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்குள் இருக்கிற, அதிர்வைப் பிடிக்கக்கூடிய பித்தளைத் தகடு போன்ற வட்டத்தைக் கழற்றித் துடுப்பில் ஒட்டி, வயரைச் சின்னப் பதிவுக் கருவியில் கொடுத்தோம். நரம்பைத் தட்டினது போல ஒன்று, இடைவிட்டு இடைவிட்டு. மீனா, மட்டியா, நான் சொல்ல வரவில்லை. மாமா ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, “துடுப்பில இதவிட நல்லாக் கேட்கும்” என்று திருப்பித் தந்தார்.

கல்லடியிலிருந்து

கல்முனைக் காக்கா சொன்ன சவுண்ட்பாரைப் பார்க்க சனிக்கிழமை அப்பாவையே கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேறு கடை. சவுண்ட்பாரைக் காட்டச் சொன்னதும் பொடியன் பாட்டுத்தான் போட்டான். அப்பா கையைக் காட்டி நிறுத்தி, “தம்பி, செய்தி போடு” என்றார். மூன்று பாரில் ஒரே செய்தியைக் கேட்டுவிட்டு இருந்ததிலேயே சின்னதைக் காட்டினார். 19,000. இப்போது ரீவி இருபத்திரண்டில் நிற்கிறது. மாமிக்குத்தான் ஊர்ப் புதினம் கிடைப்பதில்லை.

பெரிய பெட்டி மூலையில் நிற்கிறது. பற்றரிப் பெட்டிதான், பின்மூடியில் ஆறு ஆணி. திறந்து வோல்ட்டைப் பார்த்தால் வாரண்டி போய்விடுமா காக்கா?

கல்முனையிலிருந்து

ஆணிக்கு மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கா?

கல்லடியிலிருந்து

ஒட்டியிருக்கு. மூன்று மாத வாரண்டி. இன்றைக்கு 94ஆவது நாள்.

கல்முனையிலிருந்து

அப்ப திறவுங்க தம்பி. பல்லி இருக்கா என்றும் பாருங்க.