பெர்ரிச் சக்கை: சத்தைப் பிரிப்பதா, மண்ணுக்கே கொடுப்பதா?

மண்வாசனை:
சாறு பிழிந்தபின் மிஞ்சும் பெர்ரிச் சக்கையிலிருந்து சத்துகளைப் பிரித்தெடுக்க வேண்டும் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. சக்கை முழுக்க ஈரம். வைத்திருந்தால் சீக்கிரமே நொதிக்கும், பூஞ்சை பிடிக்கும். காயவைக்க ஆகும் எரிபொருளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தீர்களா? மட்கவைத்து வயலுக்கே போடுங்கள்.

கரைப்பான்:
எழுதியவன் நான்தான். புளூபெர்ரியை வெட்டிப் பாருங்கள். பெரும்பாலான தோட்ட ரகங்களில் சதை வெளிறியிருக்கும், நீலம் தோலில்தான். அந்தத் தோல் சக்கையோடு போய்விடுகிறது. அதிலுள்ள ஆந்தோசயனின் நிறமியை எடுக்கக் காயவைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. தண்ணீர் கலந்த எத்தனாலில், கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்த்து, ஈரச் சக்கையையே ஊறவைக்கலாம். இந்த நிறமி நல்ல புளிப்பில்தான் சிவப்பாக நிலைத்து நிற்கும். புளிப்பு குறையக் குறைய ஊதாவாகி, நீலமாகி, கடைசியில் சிதைந்துவிடும். அமிலம் அதற்குத்தான்.

மண்வாசனை:
எத்தனாலை வடித்தெடுக்க வெப்பம் வேண்டுமே. அந்தச் சூட்டிலேயே நிறமி கெடும்.

கரைப்பான்:
வெற்றிடத்தில் வடித்தால், எத்தனாலின் வழக்கமான கொதிநிலையான 78 டிகிரிக்கு வெகு கீழேயே ஆவியாகிவிடும். அதே எத்தனாலை மறுபடி பயன்படுத்தலாம்.

விதைநெய்:
இருவரும் விதையை மறந்துவிட்டீர்கள். பிளாக்கரண்ட் என்ற கறுப்புப் பெர்ரியின் விதை எண்ணெயில் காமா லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் இருக்கிறது, வழக்கமான சமையல் எண்ணெய்களில் அது கிடையாது. கரியமில வாயுவை 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால் எண்ணெயைக் கரைத்து இழுத்துவிடும். அழுத்தத்தை இறக்கினால் கரியமில வாயு எண்ணெயை விட்டுப் பிரிந்துவிடும். ஆனால் விதை காய்ந்திருக்க வேண்டும், அதில் மண்வாசனை சொல்வது சரி.

மண்வாசனை:
சரி, எடுத்துவிட்டீர்கள். யாருக்கு விற்பீர்கள்? 'ஆன்டிஆக்சிடன்ட்' மாத்திரைதானே? ஒரு உணவின் ஆன்டிஆக்சிடன்ட் திறனைச் சோதனைக் குழாயில் அளந்து சொல்லும் 'ஓராக்' எண்களை வைத்துத்தான் எத்தனை விளம்பரம்! அந்த எண்களுக்கும் உடலுக்குள் நடப்பதற்கும் பொருத்தமில்லை என்று 2012-இல் அமெரிக்க வேளாண் துறையே தன் ஓராக் பட்டியலை நீக்கியது. ஆந்தோசயனினும் சாப்பிட்டதில் மிகச் சிறு பங்குதான் அப்படியே ரத்தத்தில் சேர்கிறது. நோயாளிகளிடம் இதை மருந்து என்று விற்பதைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது. தோலில் ஒட்டிய பூச்சிமருந்து வேறு, நிறமியோடு சேர்ந்து அதுவும் செறிவாகலாம்.

கரைப்பான்:
மாத்திரை விஷயத்தில் நான் உங்கள் பக்கம். என் அக்கறை நிறத்தில். ஐரோப்பாவில் இ163 என்ற எண்ணில் அனுமதி பெற்ற உணவு நிறமி இதுதான். செயற்கைச் சிவப்புக்குப் பதிலாகக் குழந்தைகள் தின்னும் இனிப்பில் இது இருக்கட்டும் என்கிறேன். பூச்சிமருந்து எச்சத்தை ஒவ்வொரு தொகுதியிலும் சோதிக்காமல் விற்கக் கூடாது, அதை மறுக்கவில்லை. நிறம் எடுத்தபின் மிஞ்சும் நார் எப்படியும் உங்கள் வயலுக்குத்தான் வரும்.

மண்வாசனை:
நிறத்துக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம். ஆனால் பெர்ரி அறுவடை சில வாரங்கள்தான். அப்புறம் ஆலை சும்மா கிடக்குமா?

கரைப்பான்:
பெர்ரிக்கென்றே கட்டினால் கிடக்கும். திராட்சைத் தோல், கறுப்புக் கேரட் என்று அடுத்தடுத்து வரும் விளைச்சலுக்கும் அதே தொட்டிகளைப் பயன்படுத்தும் இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.