பத்து நாள் பயிற்சியில் டாக்டரா? டிங் சியான் பற்றி ஒரு கேள்வி

செம்மண்:
நேற்று வேறொரு இழையில் தாமரைக்குளம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். கிராமத்து ஆட்களுக்கே குறுகிய காலப் பயிற்சி கொடுத்து வைத்தியம் பார்க்க வைத்த சீனாவின் வெறுங்கால் மருத்துவர் திட்டம் மாவோ காலத்து யோசனையே இல்லையாம். ஜேம்ஸ் யென் என்ற சீனக் கல்வியாளர், மாவோ ஆட்சிக்கு வருமுன்பே, அமெரிக்கப் பணத்தில் ஹெபெய் மாகாணத்து டிங் சியான் மாவட்டத்தில் நடத்திய கிராமச் சீர்திருத்தப் பரிசோதனையின் நகலாம். படித்ததும் ராத்திரித் தூக்கம் போய்விட்டது. யென் நல்லவர், யேல் பட்டதாரி, எல்லாம் சரி. ஆனால் அவருடைய ஆட்கள் கிராமத்துச் சுகாதார ஊழியருக்குக் கொடுத்த பயிற்சி எத்தனை நாள்? பத்து நாள்! எங்கள் ஊரில் தையல் வகுப்பே ஆறு மாதம்.

தாமரைக்குளம்:
கூப்பிட்டீர்கள், வந்துவிட்டேன். டாக்டர் என்று நான் எங்கே எழுதினேன்? டிங் சியானில் 472 கிராமம், ஏறக்குறைய நாலு லட்சம் மக்கள். நகரத்து டாக்டர் யாரும் அங்கே குடியேறப் போவதில்லை. அதனால் அங்கே சுகாதார வேலையைக் கவனித்த டாக்டர் சென் ஜிச்சியன், யென்னின் மக்கள் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்ற விவசாயிகளையே தேர்ந்தெடுத்தார். பிறப்பு இறப்பைக் குறிப்பது, அம்மை குத்துவது, கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போடுவது, சின்னக் காயத்துக்கு மருந்து போடுவது, இவ்வளவுதான் வேலை. கையில் ஒரு பெட்டி. அதில் ஆஸ்பிரின், விளக்கெண்ணெய், கண்ணுக்குச் சொட்டு மருந்து, கட்டுத்துணி. பெட்டியால் ஆகாததை மேலே இருக்கும் நிலையத்துக்கு அனுப்பு, அதற்கும் மேல் மாவட்ட மருத்துவமனை. மூன்று அடுக்கு. 1970களின் சீனாவிலும் அதே மூன்று அடுக்குதான். நகல் என்ற சொல் கசந்தால் முன்னோடி என்று படித்துக்கொள்ளுங்கள்.

செம்மண்:
விளக்கெண்ணெய்! அதைத்தான் எதிர்பார்த்தேன். பத்து நாளா இல்லையா, அதற்குப் பதில் எங்கே? வெறுங்கால் மருத்துவர்களுக்குப் பல இடங்களில் மூன்று முதல் ஆறு மாதம் வரை பயிற்சி. 1965 ஜூனில் மாவோ மருத்துவத்தைக் கிராமத்துக்குக் கொண்டு போகச் சொன்னார், 1968இல் ஷாங்காய் பக்கத்துக் கம்யூன் (கூட்டுப் பண்ணை) ஒன்றிலிருந்து அந்தப் பெயர் நாடு முழுக்கப் பரவியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊர் ஊராக நின்றார்கள். உங்கள் ஆள் ஒரே ஒரு மாவட்டத்தில் நின்றார். பத்து நாள் எங்கே, ஆறு மாதம் எங்கே?

அளவுகோல்:
ஒரு நிமிடம். முதலில் எந்த அமைப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொள்ளலாமா? டிங் சியான் வேலையை நடத்தியது 1923இல் தொடங்கிய யென்னின் வெகுஜனக் கல்வி இயக்கம், அது சீனர்கள் நடத்திய சீன அமைப்பு, பணத்தில் பெரும் பகுதி மட்டும் வெளியிலிருந்து வந்தது. சர்வதேசக் கிராமப் புனரமைப்பு நிறுவனம் என்பது 1960இல் பிலிப்பைன்ஸில் யென் தொடங்கியது. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டினால் விவாதம் உருப்படாது. அப்புறம் டிங் சியானுக்குள் இருக்கும் ஜைசெங் கிராமத்தில் மி குடும்பத்தார் 1904 முதலே பள்ளியும் சீர்திருத்தமும் நடத்தி வந்தார்கள். யென் வெறுந்தரையில் விதைக்கவில்லை.

செம்மண்:
அளவுகோல் சார், பத்து நாளை எந்தச் சாக்கில் கட்டினாலும் பத்து நாள்தான்.

போர்வெல் குமார்:
அண்ணே, அந்த ஊரில் அமெரிக்கப் பன்றியும் கொண்டு வந்தார்களாமே? போலந்து நாட்டுப் பன்றி என்று எங்கேயோ படித்தேன்.

தாமரைக்குளம்:
அந்த இனத்தின் பெயர் போலந்து சைனா. பிறந்தது அமெரிக்காவின் ஒஹையோ. போலந்துமில்லை, சீனாவுமில்லை. அந்த இனத்து ஆண் பன்றியை டிங் சியான் நாட்டுப் பன்றியோடு சேர்த்து, அதிகம் கறி தரும் கலப்பினம் எடுத்தார்கள். லெக்ஹார்ன் கோழியும் வந்தது. குடியானவன் வீட்டில் காசு புரள வேண்டும் என்பது யென்னின் கணக்கு. அறியாமை, வறுமை, நோய், கேடுகெட்ட நிர்வாகம், நாலையும் சேர்த்துப் பிடித்தால்தான் ஆகும் என்றார்.

செம்மண்:
நாலாவதை எப்போது பிடித்தார்? நிலம் யார் கையில் இருந்தது, குத்தகை எவ்வளவு, வட்டி எவ்வளவு, அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பன்றிக்கு இனவிருத்தி, பண்ணையாருக்குப் பாதுகாப்பு. 1930களிலேயே சீன இடதுசாரிகள் முகத்துக்கு நேரே கேட்ட கேள்வி இது. கடைசியில் 1948இல் அமெரிக்க காங்கிரஸ் சட்டத்தின் வழியாகச் சீன உதவி நிதியில் ஒரு பங்கைக் கிராமங்களுக்கு என்று ஒதுக்க வைத்தார். மறு வருடம், அந்தப் பணத்துக்காக அமைத்த கிராமப் புனரமைப்புக் கூட்டு ஆணையம், கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற சியாங் கை ஷேக்கோடு தைவானுக்குப் படகேறியது. வேறென்ன வேண்டும்?

தாமரைக்குளம்:
அந்த ஆணையம்தான் தைவானில் நிலச் சீர்திருத்தத்துக்குத் தோள் கொடுத்தது. நிலத்தின் பக்கம் திரும்பவில்லை என்கிறீர்களே, அங்கே என்ன நடந்தது? அதைச் சொல்ல மாட்டீர்கள். போன வருடம் கூட்டுறவுப் பால் பற்றிய இழையிலும் இதே வித்தை. பாதியைப் படிப்பது, பாதியை விழுங்குவது.

செம்மண்:
அந்த இழையில் மன்னிப்புக் கேட்டது யார் என்று அங்கேயே இருக்கிறது. போய்ப் பாருங்கள். தைவானில் நடந்ததைக் காட்டி டிங் சியானுக்குக் கணக்கு எழுதாதீர்கள்.

சாந்தா_பயிற்றுநர்:
இருபது வருடம் இதே தொழிலில் குப்பை கொட்டியவள் என்ற உரிமையில் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) மூன்று நாள் பயிற்சி. முதல் நாள் பதிவும் குத்துவிளக்கும். இரண்டாம் நாள் சார்ட் பேப்பரில் ஊர் வரைபடம். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டில் பாயசம், சான்றிதழ், குரூப் போட்டோ. ஊருக்குத் திரும்பியவளிடம் ஒரு பெட்டிகூட இருக்காது. பத்து நாளில் நாலே வேலையைச் சொல்லிக் கொடுத்து, தலைக்கு மேல் ஒரு டாக்டரையும் வைத்தார்கள் என்றால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. செம்மண் தம்பி எத்தனை நாள் என்று மட்டும் எண்ணுகிறார், பெட்டியைத் திறந்தே பார்க்கவில்லை.

செம்மண்:
அக்கா, உங்கள் மூன்று நாளைக் காட்டி அவர்களுடைய பத்து நாளைப் பெரிதாக்குகிறீர்கள். மொட்டைத்தலைக்குப் பக்கத்தில் முன்வழுக்கை அழகாகத்தான் தெரியும்.

சாந்தா_பயிற்றுநர்:
தலைமுடியை விடுங்கள் தம்பி. முதல் உலகப் போரின்போது பிரான்சுக்குப் போன சீனக் கூலிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த யென், ஒரு கட்டத்தில் நீங்களே எழுதப் படியுங்கள் என்று வகுப்பெடுக்க ஆரம்பித்தார். அவர் நடத்திய பத்திரிகை நின்றுபோகக் கூடாது என்று ஒரு தொழிலாளி தன் மொத்தச் சேமிப்பு 365 பிராங்கை அனுப்பிவைத்தார். எங்கள் பயிற்சிக்கு வந்தவர்கள் பயணப்படி எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்டார்கள்.

மார்த்தாண்டம்காரன்:
யென் ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) ஆள்தானே? எங்கள் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹேச் 1920களில் நடத்தியதும் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம்தான். தேனீ வளர்ப்பு ஊர் முழுக்கப் பரவியது. இன்றைக்கும் தேன் என்றால் மார்த்தாண்டம். சீனாவைப் பேசுகிறவர்கள் சொந்த ஊரை மறந்துவிடுகிறீர்கள்.

போர்வெல் குமார்:
மார்த்தாண்டத்தில் போன முறை வாங்கிய தேனில் பாதி சர்க்கரைப்பாகு.

மார்த்தாண்டம்காரன்:
பஸ் ஸ்டாண்ட் வாசலில் வாங்கிவிட்டு ஊரைக் குறை சொல்லாதீர்கள். ரசீது இருக்கிறதா?

தாமரைக்குளம்:
தேனை அப்புறம் பார்க்கலாம். செம்மண்ணுக்கு ஒரு கேள்வி. யென் வெறும் அமெரிக்கக் கையாள் என்றால், 2003இல் அதே ஜைசெங் கிராமத்தில் வென் டியேஜுன் போன்ற சீன அறிஞர்கள் யென் பெயரிலேயே கிராமப் புனரமைப்புக் கழகம் திறந்தது ஏன்? விவசாயிகளுக்கு இலவசப் பயிற்சி. யாரும் டாலர் கொடுத்துப் பெயர் வைக்கச் சொல்லவில்லை.

செம்மண்:
2007இல் அது மூடப்பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான்கே வருடம். யென் ஆட்களுக்கு எல்லாமே குறுகிய காலம்தான். அங்கே நான்கு வருடம், இங்கே பத்து நாள்.

தாமரைக்குளம்:
டிங் சியான் நின்றது 1937இல் ஜப்பான் படை வந்ததால். படையெடுப்புக்கும் யென்தான் பொறுப்போ?

அளவுகோல்:
மறுபடியும் கேட்கிறேன். முன்னோடி என்பதற்கும் நகல் என்பதற்கும் என்ன வேறுபாடு என்று யாராவது ஒருவர் வரையறுத்துவிட்டால்...

செம்மண்:
வரையறை எதற்கு சார், காலண்டர் போதும். எண்ணிப் பாருங்கள், பத்துதான் வரும். சென் ஜிச்சியன் நல்ல டாக்டர், 1949க்குப் பிறகும் ஓடிப் போகாமல் சிச்சுவானிலேயே இருந்தார், அவருக்கு என் வணக்கம். யென் நியூயார்க்கில் இறந்தார். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

சாந்தா_பயிற்றுநர்:
செத்த இடத்தை வைத்து மதிப்பெண் போடுகிறவரிடம் நான் பேசவில்லை.

செம்மண்:
பேச வேண்டாம் அக்கா. பத்து நாளா இல்லையா, அதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

போர்வெல் குமார்:
அந்தக் கலப்பினப் பன்றி இப்போது நம் பக்கம் எங்காவது கிடைக்குமா? உறவினர் ஒருவர் பண்ணை வைக்கப் போகிறார்.

மார்த்தாண்டம்காரன்:
ரசீது எங்கே என்று கேட்டேனே குமார்?