பாய்லர் மாற்றணும்: காம்பியா, சிலிண்டரா?

கேள்வி:
வணக்கம். லண்டன் ஹாரோவில் பழைய வீடு. பரணில் தண்ணீர்த் தொட்டி, அலமாரிக்குள் வெந்நீர் சிலிண்டர். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் மேலே சுடுகின்றன, அடியில் சில்லென்று இருக்கின்றன. அதற்குள் அடைந்த காற்றைத் திறந்துவிட்டால் கறுப்புத் தண்ணீர் வருகிறது. கெட்டிலில் வெள்ளைப் படிவு வேறு. பார்க்க வந்தவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் காம்பி (தொட்டி, சிலிண்டர் இல்லாமல் குழாய்த் தண்ணீரை அவ்வப்போது சூடாக்கித் தரும் பாய்லர்) போடச் சொல்கிறார். ஆறு பேர், இரண்டு குளியலறை. சரிப்படுமா?

பதில் 1:
கறுப்பும் வெள்ளையும் வேறு வேறு நோய் அண்ணா. ரேடியேட்டருக்குள் சுற்றுவது எப்போதும் அதே தண்ணீர்தான். அதில் இரும்பு அரித்து மேக்னடைட் என்ற கறுப்புத் துருச் சேறாகி அடியில் தங்கிவிட்டது. அதைக் கழுவாமல் புது பாய்லரை மாட்டினால் சேறு நேராக அதன் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (தண்ணீருக்குச் சூடு ஏற்றும் பாகம்) போய் உட்காரும், வாரண்டியும் கைவிரிக்கும். ஃப்ளஷ் (உள்ளே கழுவுவது), இன்ஹிபிட்டர் (துருவைத் தடுக்கும் மருந்து), பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த ஃபில்டர், மூன்றும் கொட்டேஷனில் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள்.

வெள்ளை, தெருக்குழாயில் வரும் சுண்ணாம்பு. காம்பியின் குறுகலான தகடுகளுக்குள் படிந்தால் வெந்நீர் ஒழுங்காக வராது. தண்ணீரின் கடினத்தன்மை 200 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 200 பங்கு) மேலிருந்தால் காம்பிக்குப் போகும் தண்ணீரைப் பக்குவப்படுத்த வேண்டும் என்று இங்கிலாந்துக் கட்டட விதிகளின் வழிகாட்டியே சொல்கிறது. உங்கள் அஞ்சல் குறியீட்டைத் தண்ணீர் கம்பெனி தளத்தில் போட்டால் அளவு தெரியும்.

கேட்டவர்:
நன்றி. தெருவிலிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று சமையலறைக் குழாயை முழுக்கத் திறந்து வாளி வைத்துப் பார்த்தேன், நிமிடத்துக்கு 10 லிட்டர்.

பதில் 2:
அப்படியானால் காம்பி வேண்டாம். குளிர்காலத்தில் 5 டிகிரித் தண்ணீரை 40க்கு ஏற்ற, 10 லிட்டருக்கே 24 கிலோவாட் ஆகும். அதுவும் ஒரு ஷவருக்குத்தான். இரண்டாவது ஆள் குழாயைத் திறந்தால் வீட்டில் சண்டைதான்! பெரிய பாய்லர் வாங்கினாலும் மெயினில் (தெருக்குழாயில்) வராத தண்ணீர் வராது. மெயின் அழுத்தத்தில் ஓடும் சிலிண்டருக்கும் இதே கதை. முதலில் ஸ்டாப் காக் (வீட்டுக்குள் வரும் தண்ணீரை அடைக்கும் வால்வு) முழுதாகத் திறந்திருக்கிறதா பாருங்கள். பாதி மூடிக் கிடப்பது சகஜம். அப்படியும் ஏறாவிட்டால் பரண் தொட்டியையும் சிலிண்டரையும் வைத்துக்கொண்டு பாய்லரை மட்டும் மாற்றுவதுதான் என் கட்சி. பின்னாளில் ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுக்கும் கருவி) யோசித்தாலும் சிலிண்டருக்கு இடம் வேண்டும்; இப்போது ஹீட் பம்புக்கு 7,500 பவுண்ட் அரசு மானியமும் உண்டு.

பதில் 1:
ஒன்று விட்டுப்போச்சு. சாஃப்ட்னர் (தண்ணீரின் சுண்ணாம்பை நீக்கும் கருவி) வைத்தால் அந்தத் தண்ணீரை ரேடியேட்டர் சுற்றில் நிரப்பும்முன் பாய்லர் கையேட்டைப் பாருங்கள். அலுமினிய எக்ஸ்சேஞ்சர் என்றால் பல கம்பெனிகள் ஒத்துக்கொள்வதில்லை.

கேட்டவர்:
ஸ்டாப் காக் முழுக்கத் திறந்துதான் இருக்கிறது. சிலிண்டரை வைத்துக்கொண்டே பாய்லர் மாற்ற, கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்யத் தேவையான பதிவு) உள்ள இன்னொருவரிடம் கொட்டேஷன் கேட்கிறேன்.