வியூவில் வரும் வேரியபிள் லேயவுட்டில் வரவில்லை – அவசரம்

நள்ளிரவுநிரல்
கன்ட்ரோலரிலிருந்து டைட்டில் என்ற வேரியபிளைப் பக்கத்தின் டெம்ப்ளேட்டான வியூவுக்கு அனுப்புகிறேன். வியூவில் சரியாக அச்சாகிறது. அதையே எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான லேயவுட்டின் ஹெட் பகுதியில் போட்டால் 'அன்டிஃபைன்ட் வேரியபிள்' என்கிறது. பழைய ப்ராஜெக்டில் இதே கோடு ஓடியது. இரண்டு மணி நேரமாக முட்டிக்கொண்டிருக்கிறேன். இன்றே முடித்தாக வேண்டும்.

அரைப்புள்ளி
எந்த ஃப்ரேம்வொர்க்? எந்த வெர்ஷன்?

தண்டவாளம்
ரூபி ஆன் ரெயில்ஸ்தானே? லோக்கல் வேரியபிள் லேயவுட்டுக்குப் போகாது. முன்னால் அட் குறி போட்டு இன்ஸ்டன்ஸ் வேரியபிளாக்குங்கள். வியூ முதலில் ஓடி முடிந்து, அப்புறம்தான் லேயவுட் ஓடும். அதனால் அங்கே கிடைத்துவிடும். இன்னும் சுத்தமாக வேண்டுமா, வியூவில் கன்டென்ட் ஃபார், லேயவுட்டில் யீல்ட்.

அரைப்புள்ளி
ரெயில்ஸாக இருந்தால் பிழையில் 'லோக்கல் வேரியபிள் ஆர் மெத்தட்' என்று இருக்கும். எனக்கென்னவோ பிஹெச்பி வாடை அடிக்கிறது.

நள்ளிரவுநிரல்
மன்னிக்கவும், பிஹெச்பிதான், லாராவெல் 11.

கேஷ்காரன்
வியூ கேஷைக் கிளியர் செய்யுங்கள். பத்தில் ஒன்பது தடவை அதுதான்.

பழம்நிரல்
தம்பி, கேள்வி கேட்கும் முன் ஆவணத்தைப் படிக்கும் பழக்கம் வேண்டும். லாராவெலின் டெம்ப்ளேட் மொழியான பிளேடில், லேயவுட்டைச் சேர்க்கும் எக்ஸ்டெண்ட்ஸை முதல் வரியில் எழுதினாலும் கம்பைல் ஆகும்போது அது கடைசிக்குப் போய்விடும். அதுவரை வியூவில் உருவான வேரியபிள் எல்லாம் லேயவுட்டுக்குப் போகும். சந்தேகமிருந்தால் ஸ்டோரேஜ் ஃபோல்டரில் கம்பைல் ஆன ஃபைலைத் திறந்து பாருங்கள். ஆகவே நீங்கள் சொல்வது நடக்க வாய்ப்பே இல்லை. எழுத்துப்பிழையாக இருக்கும்.

நள்ளிரவுநிரல்
கேஷ் கிளியர் செய்தாயிற்று. எழுத்துப்பிழையும் இல்லை, காப்பி பேஸ்ட்தான் செய்தேன்.

அரைப்புள்ளி
வியூவின் முதல் வரி என்ன?

நள்ளிரவுநிரல்
எக்ஸ் ஆப் லேயவுட் டேக். லாராவெலின் லாகின் ஸ்டார்ட்டர் கிட்டான ப்ரீஸை நிறுவியபோது தானாக வந்தது. எக்ஸ்டெண்ட்ஸும் இதுவும் ஒன்றுதானே?

அரைப்புள்ளி
இல்லை, சிக்கலே அங்கேதான். இது காம்பொனென்ட், தனியாக இயங்கும் டெம்ப்ளேட் துண்டு. வெளியில் இருக்கும் வேரியபிள் எதுவும் தானாக உள்ளே போகாது, நீங்கள்தான் கையில் கொடுக்க வேண்டும்.

டேகில் டைட்டில் அட்ரிப்யூட் போடுங்கள். பெயருக்கு முன் முக்காற்புள்ளி வேண்டும். விட்டால் வேரியபிளின் மதிப்பு போகாது, மேற்கோளுக்குள் எழுதிய எழுத்துகள் அப்படியே போகும். ஆனால் அது மட்டும் போதாது. ப்ரீஸ் இந்த லேயவுட்டுக்கு ஆப்லேயவுட் என்று ஒரு கிளாஸும் வைத்திருக்கும். அதன் கன்ஸ்ட்ரக்டரில் டைட்டிலைப் பப்ளிக்காகச் சேர்க்காவிட்டால், அனுப்பியது அட்ரிப்யூட் பையில் கிடக்கும், வேரியபிளாக வராது. சேர்க்கும்போதே டீஃபால்ட் மதிப்பும் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் டைட்டில் அனுப்பாத மற்ற பக்கங்கள் உடையும்.

கிளாஸைத் தொட வேண்டாமென்றால் வியூவில் டைட்டில் என்ற பெயரில் ஒரு ஸ்லாட், அதாவது காம்பொனென்டுக்குள் செருகும் பகுதி, வையுங்கள். ப்ரீஸின் ஹெட்டரே அப்படித்தான் வருகிறது, பாருங்கள்.

பழம்நிரல்
காம்பொனென்ட் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். எக்ஸ் டேகெல்லாம் லாராவெல் 7இல், 2020இல் வந்த புதுப்பழக்கம். எக்ஸ்டெண்ட்ஸில் என்ன குறை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

வெற்றுவரி
எதற்கு இவ்வளவு? சர்வீஸ் ப்ரொவைடரில் வியூ ஷேர் போட்டால் எல்லா இடத்திலும் கிடைக்குமே.

அரைப்புள்ளி
தளத்தின் பெயருக்கு ஷேர் சரி. பக்கத்துக்குப் பக்கம் மாறும் தலைப்பை அங்கே எப்படி வைப்பீர்கள்?

வெற்றுவரி
கன்ட்ரோலரிலேயே ஷேரைக் கூப்பிடலாமே. தலைப்பு டேட்டாதானே, அதற்கு கன்ட்ரோலர்தான் இடம்.

தண்டவாளம்
தலைப்பு பார்வைக்கு உரியது, வியூவில்தான் இருக்க வேண்டும். ரெயில்ஸில் இதற்கெல்லாம் சண்டையே வராது.

பழம்நிரல்
ரெயில்ஸ் பேச்சை யாராவது நிறுத்துங்கள். எக்ஸ்டெண்ட்ஸ், செக்‌ஷன், யீல்ட். மூன்றே சொல், முடிந்தது.

வெற்றுவரி
அந்த செக்‌ஷனை இரண்டு வாதத்தோடு எழுதினால் ஹெச்டிஎம்எல் குறிகளைத் தானே எஸ்கேப் செய்யும், பிளாக்காக எழுதினால் செய்யாது. எத்தனை பேருக்கு இது தெரியும்? மூன்று சொல்லாம்.

நள்ளிரவுநிரல்
வந்துவிட்டது. நன்றி.

கேஷ்காரன்
எது வேலை செய்தது, ஸ்லாட்டா கன்ஸ்ட்ரக்டரா? எனக்கும் இதே பிழை.