செம்பில் காந்தம் ஒட்டாது. அப்புறம் செம்புக் குழாயில் ஏன் மெல்ல இறங்குகிறது?

மீனாட்சிபுரம் அம்மா:
வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில், பொள்ளாச்சி எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. மகள் பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். சாஸ்திரமேளாவுக்கு, அதாவது பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு, ஒரு சோதனை தயார் செய்கிறாள். ஏசி மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிய செம்புக் குழாய், ஒரு மீட்டர் நீளம் இருக்கும். அதற்குள் பளபளவென்று இருக்கும் சின்ன நியோடிமியம் காந்தத்தைப் போடுகிறாள். இரும்பு நட்டைப் போட்டால் பொத்தென்று விழுகிறது. காந்தம் மட்டும் ஆடி அசைந்து, நிதானமாக இறங்குகிறது. அதே காந்தத்தைக் குழாயின் வெளிப்பக்கம் வைத்தால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. லென்ஸ் விதி அவளுக்கு மனப்பாடம்தான். ஆனால் “ஒட்டாத உலோகம் எப்படிப் பிடித்து இழுக்கிறது?” என்று நடுவர் கேட்டால் என்ன சொல்வது? யாராவது புரியும்படி சொல்லுங்கள்.

இயற்பியல் மாணவன், கோவை:
அக்கா, இது சுழல் மின்னோட்டம். காந்தப் பாயம், அதாவது ஒரு வளையத்துக்குள் புகுந்து போகும் காந்தப்புலத்தின் அளவு, மாறினால் கடத்தியில் மின்னோட்டம் தூண்டப்படும் என்று 1831-ல் ஃபாரடே கண்டார். அந்த மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் திசையில் ஓடும் என்பது 1834-ல் லென்ஸ் சொன்னது. செம்பு நல்ல கடத்தி, அதனால் மின்னோட்டம் அதிகம், காந்தம் விழுவதைத் தடுக்கும் விசையும் அதிகம். அலுமினியக் குழாயிலும் நடக்கும். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அதனால் அதே அளவுக் குழாயில் காந்தம் இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

வைண்டிங் கடை, கொழிஞ்சாம்பாறை:
தம்பி சொன்னது சரி. ஆனால் நடுவர் முன்னால் நிற்கும் பிள்ளைக்கு அது போதாது. நான் போர்வெல் மோட்டார் வைண்டிங் செய்கிறவன். இந்த விஷயத்தில்தான் என் பிழைப்பே ஓடுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அவள் மனதில் ஒன்று பதிய வேண்டும். காந்தம் சும்மா இருக்கும்போது செம்புக்கு அது இருப்பதே தெரியாது. எவ்வளவு பலமான காந்தமாக இருந்தாலும் சரி. அது நகர்ந்தால்தான் செம்புக்கு உறைக்கும். வெளியில் வைத்துப் பார்த்தபோது ஒட்டாததற்கும், உள்ளே விழும்போது தடுப்பதற்கும் முரணே கிடையாது. ஒன்றில் காந்தம் நிற்கிறது, இன்னொன்றில் ஓடுகிறது, அவ்வளவுதான்.

குழாயை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செம்பு வளையல்களாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காந்தம் வடமுனை கீழே இருக்கும்படி விழுகிறது என்று வைப்போம். அதற்குக் கீழே இருக்கிற வளையலுக்குக் காந்தம் நெருங்கி வருகிறது, பாயம் கூடுகிறது. கூடாதே என்று அந்த வளையலில் மின்னோட்டம் சுற்றும். அது தன் மேல்பக்கத்தை வடமுனையாக்கிக்கொண்டு காந்தத்தை மேலே தள்ளும். மேலே இருக்கிற வளையலைக் காந்தம் கடந்து வந்துவிட்டது, அங்கே பாயம் குறைகிறது. குறையாதே என்று அதிலும் மின்னோட்டம் சுற்றும், ஆனால் எதிர்த்திசையில். அது காந்தத்தை மேல்நோக்கி இழுக்கும். கீழே இருப்பது தள்ளுகிறது, மேலே இருப்பது இழுக்கிறது, இரண்டு விசையும் மேல்நோக்கித்தான். நடுவருக்கு இதைப் படம் போட்டுக் காட்டினால் போதும். காந்தத்தைத் தலைகீழாகப் போட்டாலும் இதே கதைதான், மின்னோட்டத்தின் திசைதான் மாறும்.

இதைக் கண்ணால் பார்க்க இன்னொரு இடம் உண்டு. பழைய கரண்ட் மீட்டர் யார் வீட்டிலாவது, தோட்டத்து மோட்டார் ரூமிலாவது இருந்தால் கண்ணாடி வழியாகப் பாருங்கள். உள்ளே அலுமினியத் தட்டு ஒன்று படுத்த வாக்கில் சுற்றும். அதன் விளிம்பு ஒரு நிலைக்காந்தத்தின் வாய்க்குள் புகுந்து போகும். காந்தம் தட்டைத் தொடாது, அலுமினியத்தில் ஒட்டவும் செய்யாது. ஆனாலும் அதுதான் பிரேக். தட்டு எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு பிடிக்கும். தட்டைச் சுற்றவைக்கும் விசை நாம் எடுக்கிற கரண்ட்டுக்கு ஏற்றபடி கூடும், பிடிக்கிற விசை வேகத்துக்கு ஏற்றபடி கூடும். இரண்டும் சமமாகிற வேகத்தில் தட்டு ஓடுவதால்தான் சுற்றுகளை எண்ணி யூனிட் கணக்குப் போட முடிகிறது. மோட்டாரை ஆஃப் பண்ணியதும் தட்டு சட்டென்று நிற்பதும் அந்தக் காந்தத்தால்தான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

மீனாட்சிபுரம் அம்மா:
ரொம்ப நன்றி அண்ணா. வளையல் என்றதும் அவளே படம் போட்டுவிட்டாள். இப்போது அவளுக்கு இரண்டு கேள்வி. இவ்வளவு தடுக்கிறதே, காந்தம் ஏன் நடுவழியிலேயே நின்றுவிடுவதில்லை? அப்புறம், குழாயை நீளவாக்கில் அறுத்துவிட்டால் என்ன ஆகும்?

ஓய்வுபெற்ற டீச்சர், சித்தூர்:
முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். காந்தம் நின்றால் மாற்றம் நின்றுவிடும். மாற்றம் இல்லையென்றால் மின்னோட்டம் இல்லை, தாங்குவதற்கு விசையும் இல்லை. உடனே மறுபடி விழத் தொடங்கும். அதனால் தடை விசை காந்தத்தின் எடைக்குச் சமமாகிற ஒரு வேகத்தில் அது சீராக இறங்கும். செம்புக்கு மின்தடையே இல்லாமல் இருந்தால்தான் தூண்டிய மின்னோட்டம் தேயாமல் சுற்றிக்கொண்டே இருந்து காந்தத்தைத் தாங்கும். நம் குழாயில் அந்த மின்னோட்டம் வெப்பமாகத் தேய்ந்துபோகிறது. காந்தம் கீழே வருவதால் இழக்கிற நிலையாற்றல் முழுக்க அந்த வெப்பத்தில்தான் போய்ச் சேர்கிறது. கையால் தொட்டு உணர முடியாத அளவு சிறிய வெப்பம்.

மேளாவில் கூடுதலாக ஒன்று காட்டலாம். மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசு ஒன்றின்மேல் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, காந்தத்தை விடச் சொல்லுங்கள். காந்தம் அந்தரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே தராசு குழாய், காந்தம் இரண்டின் எடையையும் சேர்த்துக் காட்டும். குழாய் காந்தத்தை மேலே தள்ளுகிறது, காந்தம் குழாயைக் கீழே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை நம் பள்ளிக்கூடங்களுக்குக் கிடைப்பது அரிது. குழாய் சாயாமல் பிடிக்க, தராசுத் தட்டிலேயே நிற்கும் மரக்கட்டை ஒன்று செய்துகொள்ளுங்கள். கையால் பிடித்தால் எடை தப்பாக வரும்.

வைண்டிங் கடை, கொழிஞ்சாம்பாறை:
டீச்சர் சொன்னதேதான் போர்வெல் மோட்டாரிலும். சுற்றுகிற பகுதியான ரோட்டாருக்கு ஒரு ஒயர்கூடப் போகாது, உள்ளே வெறும் செம்புக் கம்பிகள்தான். சுற்றிலும் அசையாமல் இருக்கிற ஸ்டேட்டரில், இரண்டு காந்த முனை கொண்ட மோட்டார் என்றால், 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டுக்குக் காந்தப்புலம் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும். ரோட்டார் அதைத் துரத்திக்கொண்டு 2800-க்கு மேல் ஓடும், ஆனால் 3000-ஐத் தொடாது. தொட்டுவிட்டால் புலம் அதற்கு நிற்கிற மாதிரி ஆகிவிடும், கம்பியில் மின்னோட்டம் அற்றுவிடும்.

அறுத்த குழாய்க்கு வருகிறேன். வெட்டு விழுந்த வளையலில் மின்னோட்டம் முழுச் சுற்று வர முடியாது. குழாய்ச் சுவருக்குள்ளேயே சின்னச் சின்னச் சுழல்களாகச் சுற்றும். அதனால் காந்தம் வேகமாக வரும், ஆனாலும் நட்டு விழுகிற மாதிரி விழாது. ஸ்டேட்டரில் வைண்டிங்கைத் தாங்கும் இரும்புப் பகுதியை (கோர்) ஒரே கட்டியாக வார்க்காமல், அரை மில்லிமீட்டர் மாதிரி மெல்லிய தகடுகளாக, ஒவ்வொன்றுக்கும் இடையில் மின்காப்புப் பூச்சோடு அடுக்குவது இதற்குத்தான். அங்கே சுழல் மின்னோட்டம் வேண்டாத விருந்தாளி, தகட்டுக்குள்ளேயே அடக்கிவைக்க வேண்டும். மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும் மோனோபிளாக்கில் கருகின வைண்டிங்கைப் பிரிக்க நெருப்பை அளவுக்கு மீறிக் காட்டினால் அந்தப் பூச்சு போய்விடும். அப்புறம் எவ்வளவு நல்ல செம்பு போட்டுச் சுற்றினாலும் மோட்டார் சூடாகிக்கொண்டே இருக்கும்.

இரண்டு குழாயும் ஒரே அளவில் இருக்கட்டும், ஒன்றை மட்டும் அறுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும். ஆக்ஸா பிளேடு போட்டபின் உள்பக்கப் பிசிறை அரத்தால் நன்றாக எடுத்துவிடுங்கள். காந்தம் பிசிறில் மாட்டினால் சோதனை கெட்டுவிடும். கீழே ஒரு துணியும் போட்டுவையுங்கள், நியோடிமியம் சிமெண்டுத் தரையில் விழுந்தால் உடைந்துபோகும்.